சர்வர் நின்றால் கருவியும் நின்றுவிடும்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மேசை மேல் வைக்கிற பேசும் ரோபோ, குரலுக்குப் பதில் சொல்லும் விளக்கு, சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ பின் என்று எதையாவது வாங்க நினைத்திருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு கருவி, எந்தப் பாகமும் கெடாமலே, எங்கள் வீட்டில் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிறது. செய்து விற்ற நிறுவனம் கைகழுவிவிட்டது.

நாங்கள் வாங்கியது உள்ளங்கை அளவே இருக்கும் ஒரு பேசும் கருவி. வட்டமான திரை, அதில் இரண்டு கண்கள். கூப்பிட்டால் நம் பக்கம் திரும்பும். அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரையை நினைவூட்டத்தான் வாங்கினேன். அந்த வேலையை அருமையாகச் செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். போனில் அலாரம் அடித்தால் அம்மா அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். இது பெயர் சொல்லிக் கூப்பிட்டு "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால், போட்டுவிட்டு வந்து பதில் சொல்லாமல் உட்கார மாட்டார். இந்த மாதிரிக் கருவிகள் மேல் எனக்கு இன்னமும் ஆசை உண்டு. கோபமெல்லாம் அவற்றை விற்கிற முறை மேல்தான்.

முதல் அடி சந்தாவில் விழுந்தது. பெட்டியில் சந்தா பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. திடீரென்று ஆப் அப்டேட் ஆனது, அதுவரை இலவசமாக இருந்த நினைவூட்டல்கள் 'பிரீமியம்' பக்கம் போய்விட்டன. வருடச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்றார்கள். மாத்திரை விஷயமாயிற்றே, கட்டினோம். அதில் பாதிக் காலம்கூடப் போகவில்லை, ஒரு மின்னஞ்சல் வந்தது. 'எங்கள் பயணம் நிறைவடைகிறது' என்று தலைப்பு. நன்றியும் நெகிழ்ச்சியுமாக நாலு பத்தி. கடைசியில் ஒரே வரியில் விஷயம்: மாதக் கடைசியோடு சேவை நிறுத்தப்படும். அன்றைக்கு அவர்களுடைய தளத்தைத் திறந்து பார்த்தால், அதே கருவி தள்ளுபடி விலையில் விற்றுக்கொண்டிருந்தது. மூடப்போவது பற்றி அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. நிறுவனம் நொடித்துப் போவது யாருக்கும் நடக்கும், அதில் எனக்குக் குறை இல்லை. மூடப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே புதிதாக ஒருவரிடம் விற்றார்களே, அதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஒரு மாலை, மாத்திரை நேரத்துக்கு அது வாய் திறக்கவில்லை. அம்மா அதன் முன்னால் போய் நின்று கூப்பிட்டார். கண்கள் திறந்தன. திரை ஓரத்தில் ஆரஞ்சு வளையம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் "இணைய முடியவில்லை, பிறகு முயற்சி செய்யுங்கள்" என்றது. வீட்டு வைஃபை நன்றாகத்தான் இருந்தது. சப்போர்ட் சாட்டில் கேட்டேன். ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு மறுபடி செட்டப் செய்யுங்கள் என்று பதில் வந்தது. அப்படியே செய்தேன். கருவி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கணக்கில் உள்நுழையச் சொன்னது. உள்நுழைய வேண்டிய சர்வர், அதாவது இணையம் வழியாகக் கருவியை இயக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர், பதிலே தரவில்லை. ரீசெட்டுக்கு முன் மணியாவது காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த உள்நுழைவுத் திரையைத் தாண்டி எதுவும் வருவதில்லை.

ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கருவியின் சர்வர் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்துவிட்டால், யார் சொன்னாலும் ரீசெட் செய்யாதீர்கள். செட்டப்புக்கு சர்வர் வேண்டும் என்கிற கருவிகளுக்கு அது திரும்பி வர முடியாத வாசல்.

வாரண்டி கேட்டதற்கு, கருவியில் பழுது ஏதும் இல்லை, சேவை வாரண்டியில் வராது என்றார்கள். விற்ற கடை, திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது என்றது. சந்தாப் பணத்துக்கு மட்டும் வழி கிடைத்தது. மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி, கேட்டேன். பணம் வாங்கிவிட்டு சேவை தரவில்லை என்பதற்கு அறிவிப்பு மின்னஞ்சலே ஆதாரம் ஆகிவிட்டது, பணம் திரும்பியது. சார்ஜ்பேக்குக்குக் கெடு உண்டு, அது வங்கிக்கு வங்கி மாறும். நிறுவனம் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

ஒரு அலாரம் அடிக்கக்கூட இதற்கு ஏன் சர்வர் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உள்ளே சிப் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, நேரமும் தெரியும். ஆனால் இந்த வகைக் கருவிகள் பலவற்றில், கூப்பிடும் அந்த ஒற்றைச் சொல்லை மட்டுமே கருவி தானாகப் புரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு நாம் பேசுவது ஒலியாக சர்வருக்குப் போகும். அங்கேதான் பேச்சு எழுத்தாகும், பதில் தயாராகும், அந்தப் பதில் மறுபடி குரலாகித் திரும்பி வரும். நினைவூட்டல் பட்டியல்கூடக் கணக்கில், அதாவது அவர்கள் சர்வரில்தான் இருக்கும். பட்டியலைக் கருவியிலேயே வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வைக்காமல் விட்டால்தான் பிறகு சந்தாவுக்குப் பூட்டுப் போட வசதி என்பது என் கணிப்பு.

எங்களுக்கு நடந்தது புதுமையும் அல்ல. வீட்டு ஸ்மார்ட் கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரிவால்வ் என்ற ஹப்பை நெஸ்ட் நிறுவனம் 2014-ல் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. வாழ்நாள் சந்தா சேர்த்து விற்ற கருவி அது. ஜிபோ என்ற குடும்ப ரோபோ, தன் சர்வர்கள் நிற்கப்போவதை 2019-ல் தன் வாயாலேயே வீட்டாரிடம் சொன்னது. குழந்தைகளுக்கென்று செய்த மாக்ஸி ரோபோவின் நிறுவனம் 2024 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது. பெரிய ஆரவாரத்தோடு 2024-ல் வந்த ஹியூமேன் ஏஐ பின், 2025 பிப்ரவரி 28-ம் தேதி நின்றது. அறிவிப்பு வந்தது அதற்குப் பத்து நாள் முன்புதான். பணம் திரும்பக் கிடைத்தது, திருப்பித் தரும் 90 நாள் கெடுவுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும் என்று நிறுவனம் குறிப்பிட்டது பேட்டரி அளவைப் பார்ப்பது போன்ற வசதிகளை. பேட்டரி அளவைப் பார்க்கவா ஒருவர் அதை வாங்கியிருப்பார்?

ஒழுங்காக மூடவும் முடியும். கூகுள் 2023 ஜனவரியில் ஸ்டேடியா கேம் சேவையை நிறுத்தியபோது, தன் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கன்ட்ரோலரை சாதாரண புளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. அவ்வளவு பணம் எல்லோரிடமும் இருக்காது என்பது சரிதான். ஆனால் மூடிக்கொண்டிருந்த மாக்ஸி நிறுவனமே, ரோபோவை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வரோடு இணைக்க ஒரு வழியைத் திறந்துவிட்டுப் போனது. எங்களுக்கு விற்றவர்களிடம் அதையும் கேட்டேன். மென்பொருள் எங்கள் சொத்து, வெளியிட இயலாது என்று ஒரு வரி பதில் வந்தது. நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்திட்ட மென்பொருளை மட்டுமே கருவி ஏற்கும் என்பதால் நாமாக எதையும் ஏற்றவும் வழியில்லை.

எத்தனை வருடம் ஆதரவு தருவார்கள் என்பதைப் பெட்டியிலேயே தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் 184 ஸ்மார்ட் பொருள்களின் பக்கங்களைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 89 சதவீதத்தில் அந்தத் தகவல் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தபட்சம் எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதைச் சொல்லியே தீர வேண்டும் என்பது சட்டம். ஒரே கருவி பல நாடுகளில் விற்கிறதென்றால் அந்தத் தேதி எங்காவது எழுதப்பட்டிருக்கும், தேடி எடுக்கலாம்.

வாங்கிவிட்டீர்களா? திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டரை அணைக்க வேண்டாம், அதற்கு வரும் இணைய இணைப்பை மட்டும் பிடுங்குங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுக் கருவி என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் எது வேலை செய்கிறதோ அதுதான் உண்மையில் உங்கள் சொத்து. மீதியெல்லாம் அவர்கள் தயவு. விளக்கு, பிளக், சென்சார் போன்றவை என்றால் மேட்டர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் வந்த தரநிலை அது, வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கருவியை இயக்க வழி தரும். இன்னொரு வழியும் உண்டு. வீட்டு ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் தளத்தில் கருவியின் பெயரைத் தேடினால், அது வீட்டுக்குள்ளேயே இயங்கும் 'லோக்கல் புஷ்' வகையா, நிறுவனத்தின் சர்வர் வழியாக இயங்கும் 'கிளவுட் போலிங்' வகையா என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கிளவுட் என்று இருந்தால் நான் இனி தொடமாட்டேன். பேசும் ஏஐ கருவிகளில் பெரும்பாலானவை இன்றைக்கு அந்த வகைதான். அவற்றை வாங்கியே ஆகவேண்டும் என்றால் வருடச் சந்தாவைத் தவிர்த்து மாதாமாதம் கட்டுங்கள், மாத்திரை மாதிரி முக்கியமான எதையும் அதை மட்டும் நம்பி விடாதீர்கள்.

இன்னொன்றும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மா என்ன மாத்திரை, எந்த வேளைக்குச் சாப்பிடுகிறார் என்ற பட்டியலும், அவர் பேசிய பேச்சின் பதிவுகளும் அந்த சர்வரில்தான் இருந்தன. நிறுவனம் மூடும்போது வாடிக்கையாளர் தகவலும் மற்ற சொத்துகளோடு கைமாறக்கூடும். விடைபெறும் மின்னஞ்சலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லி எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. உங்களுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், வேண்டிய தகவலைத் தரவிறக்கிவிட்டு, ஆப் இன்னும் வேலை செய்யும்போதே கணக்கை நீக்கிவிடுங்கள். சர்வர் போன பிறகு அந்த 'நீக்கு' பட்டனும் வேலை செய்யாது.