மெடாரா, டாஃபா: சிறிய விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் எதை நம்புவது?

ஒற்றை ஓடுபாதை, ஐ.எல்.எஸ். (ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் அமைப்பு) இல்லை, ரேடாரும் இல்லை. இப்படிப்பட்ட நிலையத்துக்குக் கிளம்பும் விமானியின் கையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு குறியீட்டு வரிகள்தான். மெடார் என்பது நிலையத்தில் அளந்த வானிலை. டாஃப் என்பது அங்கே வரப்போகும் வானிலையின் கணிப்பு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு மெடாரையே முதலில் நம்பலாம், ஆனால் ஒன்றை அல்ல, கடைசி மூன்றை வரிசையாக வைத்து. அதைவிட நீண்ட பயணத்தில் டாஃப் சொல்வதே கணக்கு.

மெடார் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வரும். இடையில் நிலைமை சட்டென்று மாறினால் ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கை வரும். மெடாரில் உள்ள காற்று பெரும்பாலான நாடுகளில் 10 நிமிடச் சராசரி. சராசரியைவிட 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) அல்லது அதற்கு மேல் கூடினால்தான் வீச்சு, அதாவது திடீரென எழும் வேகக் காற்று, தனியாகக் குறிக்கப்படும். ஆகவே 12 நாட் காற்றில் 20 நாட் வரை வரும் வீச்சுகள் வரியில் தெரியாமலே போகலாம். 'ஆட்டோ' என்று இருந்தால் மனிதக் கண் பார்க்கவில்லை என்று பொருள். மேகமானி தனக்கு நேர் மேலே உள்ள வானத்தை மட்டும்தான் அளக்கும். ஓடுபாதையின் மறுமுனையில் 400 அடியில் தாழ்ந்து வரும் மேகம் அதன் தலைக்கு மேல் வரும்வரை கணக்கில் இல்லை.

டாஃபின் எல்லை நிலையத்தைச் சுற்றிச் சுமார் 8 கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் தள்ளி, நீங்கள் இறங்கி வரும் வழியிலேயே இடிமேகம் நிற்கலாம். டாஃப் அதைச் சொல்லக் கடமைப்பட்டதல்ல. 8 முதல் 16 கிலோமீட்டர் வரை உள்ளதை 'வி.சி.' என்ற குறியோடு சொல்வது மெடார்தான்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் டாஃபில் வரும் 'டெம்போ' என்ற சொல். ஒவ்வொரு முறையும் ஒரு மணிக்குக் குறைவாக, மொத்தத்தில் அந்தக் கால அளவின் பாதிக்கும் குறைவாக நிலைமை மாறும் என்பதே அதன் பொருள். மழைக்கு இது பொருந்தும். ஒரு பொழிவு வரும், போகும், சற்றுச் சுற்றிக் காத்திருந்து இறங்கலாம். ஆஸ்திரேலிய விதிகளில் டெம்போவுக்கு 60 நிமிடம் காத்திருக்கும் எரிபொருள் கேட்பது இதனால்தான். விடியற்காலை மூடுபனியை இப்படிப் படித்தால் ஆபத்து. அது விட்டுவிட்டு வருவதில்லை, அமர்ந்தால் அமர்ந்ததுதான்.

ஒரு விடியலை எடுத்துக்கொள்வோம். சூரிய உதயம் 00:00 யூ.டி.சி. (உலகப் பொது நேரம்), நீங்கள் சேர வேண்டிய நேரம் 00:15, இறங்கத் தேவையான பார்வைத்தூரம் 1500 மீட்டர். டாஃப் 23 முதல் 01 வரை டெம்போ 0800 மூடுபனி, அதாவது பார்வைத்தூரம் 800 மீட்டர், என்கிறது. மெடார்கள் இப்படி (சாய்கோட்டுக்கு முன் வெப்பம், பின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராக மாறும் வெப்பநிலை):

22:30 – 5000 மீட்டர், 24/22, காற்று இல்லை
23:00 – 4000 மீட்டர், 24/23, காற்று இல்லை
23:30 – 3000 மீட்டர், 23/23, காற்று இல்லை

கடைசி வரியை மட்டும் பார்த்தால் தேவையைப்போல இரு மடங்கு இருக்கிறது, போகலாம் என்று தோன்றும். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அரை மணிக்கு ஆயிரம் மீட்டர் குறைகிறது, வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் இடைவெளி தீர்ந்துவிட்டது, கலைக்கக் காற்று இல்லை. வெயில் வந்ததும் தெளிந்துவிடும் என்றும் எண்ணக்கூடாது. உதயத்துக்குப் பின் முதல் அரை மணியில் லேசான சூடு தரையோரக் காற்றைக் கிளறும்போது மூடுபனி பெரும்பாலும் இன்னும் தடிக்கும். இங்கே டாஃபும் மெடார் வரிசையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புங்கள், அல்லது மாற்று நிலையம் வரை போக எரிபொருள் நிரப்புங்கள்.

பிற்பகல் இடிமழைக்கு இதுவே தலைகீழ். மதியம் மெடாரில் 9999, அதாவது 10 கிலோமீட்டருக்குக் குறையாத பார்வைத்தூரம் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஓடுபாதையே தெரியாது. அப்போது டாஃபின் 'பிராப்40' (40 சதவீத வாய்ப்பு) வரியை ஒதுக்காதீர்கள். கணிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால் அது நிகழ்தகவுக் குறியே இல்லாமல் வந்துவிடும்; 40 என்பது கணிப்பாளர் கிட்டத்தட்ட நம்புகிற நிலை.

காற்றில் மெடார், டாஃப் இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. இரண்டிலும் திசை உண்மை வடக்கை வைத்து. ஓடுபாதை எண்ணும் கோபுரம் வாயால் சொல்லும் காற்றும் காந்த வடக்கை வைத்து. இந்த இரு வடக்குகளுக்கும் இடையிலான காந்த விலக்கம் அதிகமான இடத்தில் திருத்தாமல் கணக்குப் போட்டால் குறுக்குக் காற்று தப்பாக வரும். ஓடுபாதைக்கு 30 டிகிரி சாய்ந்த 20 நாட் காற்றில் குறுக்கே பாதி, அதாவது 10 நாட். 60 டிகிரி என்றால் 17க்கு மேல். சராசரியை விட்டு வீச்சை வைத்தே கணக்கிடுங்கள்.

டாஃபே வெளியிடாத நிலையங்களும் உண்டு. பக்கத்து ஊர் டாஃபை எடுக்கும்போது இடையில் மலையோ கடற்கரையோ இருந்தால் மேக உயரத்துக்கும் மூடுபனிக்கும் அதை நம்ப வேண்டாம். பரந்த காற்று, மழைப்பட்டை இவற்றுக்கு மட்டும் உதவும். மெடாரின் கடைசியில் 'நோசிக்' என்று இருந்தால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குப் பெரிய மாற்றம் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். அந்த இரண்டு மணி நேரம் மெடாரை அளந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கியது, நீங்கள் படிக்கும் நேரத்திலிருந்து அல்ல.