ஆசிரியர்களுக்கு ஐந்து நட்சத்திரம், அலுவலகத்துக்கு இரண்டு

மகள் செங்காங்கில் ஒரு தனியார் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெங்காவில் புது வீட்டுச் சாவி கிடைத்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. பள்ளியின் பெயர் வேண்டாம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவே முடியாது. தமிழ் சொல்லித்தர தனியாக ஓர் ஆசிரியை இருந்தார். சிங்கப்பூரில் எல்லாப் பாலர் பள்ளியிலும் அது அமைந்துவிடாது. என் மகள் ஆத்திசூடி சொல்வது அவர் புண்ணியத்தில்தான். சாப்பாடு சுமார்.

என் வருத்தம் டெபாசிட் பற்றியது. ஒரு மாதக் கட்டணம், 1,200 வெள்ளி, சேரும்போதே கட்டியிருந்தோம். ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே வரி: ஒரு மாதத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்தால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும். அக்டோபர் 29-ஆம் தேதி முதல்வருக்கு மின்னஞ்சல் போட்டேன், நவம்பர் 30 கடைசி நாள் என்று. மறுநாளே "கிடைத்தது, பிள்ளையை மிஸ் பண்ணுவோம்" என்று பதில் போட்டார்.

அப்புறம் அலுவலகத்தில் ஒரு விலகல் படிவத்தை நீட்டினார்கள். அதில் நான் கையெழுத்துப் போட்டது நவம்பர் 6. உடனே கணக்காளர், "படிவத் தேதிதான் கணக்கு, ஒரு மாதம் ஆகவில்லை, குறையும் நாள்களுக்குப் பிடிப்போம்" என்றார். படிவம் என்ற பேச்சே ஒப்பந்தத்தில் இல்லை. முதல்வரின் பதிலையும் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பி, பிடித்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று மரியாதையாகவே எழுதினேன். (20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமல் நாமே நடத்தலாம்.) அன்று மாலையே "முழுத்தொகையும் தருகிறோம்" என்று பதில் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

பணம் வந்தது ஜனவரி கடைசியில். அதுவும் கைக்கு வரவில்லை, மகளின் சிடிஏ கணக்குக்குத்தான் (பிள்ளையின் பள்ளி, மருத்துவம் போன்ற செலவுக்கு மட்டும் எடுக்கக்கூடிய பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு) போனது. அதில் தப்பில்லை, டெபாசிட்டை அந்தக் கணக்கிலிருந்துதான் கட்டியிருந்தோம், அப்படிக் கட்டியது அங்கேயே திரும்ப வேண்டும் என்பது விதி. வீடு மாறும் செலவுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டிருந்த என் கணவர்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். புதுப் பள்ளியின் கட்டணத்துக்கு அது உதவியது, சரி.

வாசல் கதவைத் திறக்கும் அட்டையைத் திருப்பித் தரவில்லை என்று 10 வெள்ளி கேட்டது தனிக் கதை. பழைய பைக்குள் கிடந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பழைய புளோக்கில் ஓர் அக்கா தன் மகனை அங்கே சேர்க்கலாமா என்று கேட்டார். தாராளமாகச் சேருங்கள் அக்கா, ஆனால் கையெழுத்துப் போடும்முன் விலகல் படிவத்தை முதல்நாளே கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றேன்.