முட்டிவலிக்கு மீன் எண்ணெயா, குளுக்கோசமினா?

வேலூர் ஐடா ஸ்கடர் சாலை மருந்துக் கடைகளில் இரண்டுமே மாத்திரையாகக் கிடைக்கும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் வாங்குமுன் கொஞ்சம் நிதானிக்கணும்.

மூட்டு வீங்கும் முடக்குவாத வலிக்கு மீன் எண்ணெய் ஓரளவு கேட்கும். ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு நாளுக்குச் சுமார் 3 கிராம் உள்ளே போகணும். சிக்கலே அங்கேதான். 4 கிராம் எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு கூடியதைப் பெரிய ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். (இது மாத்திரைக்குத்தான், மீன் குழம்புக்கு இல்லை.)

குளுக்கோசமினை மூட்டுத் தேய்மானத்துக்கு விற்கிறார்கள். பலன் சந்தேகம்தான். துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு, ஏறிவிடலாம்; பல் தேய்க்கையில் ஈறில் ரத்தம், இடிக்காமலே தொடையில் நீலத் திட்டு என்று காட்டும்.

துடிப்புக் கோளாறு இருந்தால் மீன் எண்ணெய் மாத்திரையை நானாக வாங்க மாட்டேன். குளுக்கோசமின்தான் வேண்டும் என்றால், பிரிக்காத டப்பாவோடு முதலில் இதய டாக்டரைப் பாருங்கள்.