வடக்குக் கனடாவில் மரம் நடப் போகிறவர்களுக்கு: பை, ஷவல், பூட்ஸ் எப்படி?

மரம் வெட்டிய காட்டில் கன்று நடும் கோடை வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் ஒரு சாமான் பட்டியல் அனுப்பும். கூடாரத்தில் ஆரம்பித்து ஊசி நூல் வரை போகும் நீளமான பட்டியல். முதல் தடவை போகிறவர்கள் அதை மேலிருந்து கீழாக வாங்கிக்கொண்டே வருவார்கள். விலை உயர்ந்த கூடாரத்திலும் மழைக்கோட்டிலும் கையிருப்பு கரைந்த பிறகு, இடுப்பில் கட்டும் பையும் ஷவலும் மட்டும் கிடைத்த விலைக்கு வாங்கப்படும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. கூலி நாள் கணக்கில்லை, கன்றுக் கணக்கு. கன்றுக்கு 15 சென்ட் என்றால் ஆயிரம் நட்டால் 150 டாலர், அதாவது ஆயிரம் தடவை குனிந்து நிமிர வேண்டும். அத்தனை தடவையும் உடம்போடு ஒட்டியிருப்பவை பை, ஷவல், பூட்ஸ் மூன்றும்தான். மற்றதெல்லாம் ராத்திரிக்கு.

வடக்கு ஒன்டாரியோவில் இந்த வேலை பெரும்பாலும் மே, ஜூனோடு முடிந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் ஆகஸ்ட் வரை இழுக்கும். முகாமிலிருந்து ஊருக்கு வருவதென்றால் மரலாரி ஓடும் மண்பாதைதான். விடுமுறை நாளில் துணி துவைக்க ஊருக்கு வந்தால் பலசரக்குக் கடை இருக்கும், ஹார்டுவேர் கடை இருக்கும். உங்கள் இடுப்புக்குப் பொருந்தும் நடவுப் பை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழகிவிட வேண்டும்.

முதலில் பை. முகாம்களில் அதிகம் கண்ணில் படுவது புஷ்புரோ பிராண்டு. எந்த பிராண்டானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: திண்டு வைத்த அகலமான இடுப்புப் பட்டை, அதில் இடது, வலது, பின்பக்கம் என்று மூன்று பைகள், மேலே தோள்பட்டை வார். ஷவல் வலது கையில் என்றால் கன்று எடுக்கும் கை இடது. ஆகவே இடது பையிலிருந்து எடுத்து நட்டுக்கொண்டே போவீர்கள், அது காலியானதும் மற்ற பைகளிலிருந்து மாற்றி நிரப்புவீர்கள். இந்த மாற்றும் வேலையைத் தள்ளிப்போட்டால் பாரம் ஒரு பக்கமாகச் சாயும். சாயங்காலம் வரும் இடுப்பு வலிக்குப் பாதிக் காரணம் பையின் தரம் அல்ல, இந்தச் சாய்வுதான்.

பாரம் எவ்வளவு? ஈரமான கன்று ஒன்று 50 முதல் 60 கிராம் என்று வைத்துக்கொண்டால் 300 கன்று 15 முதல் 18 கிலோ. இதை இடுப்பெலும்பு சுமக்க வேண்டும், தோள் சுமக்கக் கூடாது. பட்டை தொப்புளுக்கு நேராக நின்றால் வயிற்றை அழுத்தும், தொடைக்கு இறங்கினால் ஏற்றத்தில் காலைத் தூக்க விடாது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பை மூடி உட்காருவதுதான் சரியான இடம். கடையில் வெறும் பையைக் கட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் பொருந்தின மாதிரிதான் தெரியும். வீட்டில் அரிசி இருக்கும் அல்லவா? மூன்று பையிலும் ஐந்தைந்து கிலோ போட்டுக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள், நடுநடுவே குனிந்து தரையைத் தொடுங்கள். பட்டை நழுவி வாரைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டி வந்தால் அளவு பெரிது. முன்பக்கக் கொக்கியைக் கடைசி வரை இழுத்தும் தளர்வாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேலை ஆரம்பித்தால் எடை குறையும், பட்டை இன்னும் தளரும்.

எந்தப் பையிலும் முதலில் போவது கொக்கி. அடுத்தது, பை பட்டையோடு சேரும் இடத்துத் தையல். வாங்கும்போது அந்தத் தையல் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டி போட்டு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கோடாக ஓடியிருந்தால் நடுப் பருவத்தில் பிரியும். அதே அளவில் இரண்டு உதிரிக் கொக்கி, ஒரு கோணி ஊசி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ் ஒரு சுருள் எடுத்துப் போகலாம். சாதாரண நூலைவிட அது ஈரத்தில் நன்றாகத் தாங்கும்.

பைக்குள்ளே வைக்கும் வெள்ளி நிற உள்ளுறையைச் சிலர் வீண் செலவு என்பார்கள். அது தவறு. கன்றின் வேர் வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் காய்ந்துபோகும். உள்ளுறை வெயிலைத் திருப்பிவிடும், வாயைச் சுருக்கினால் ஈரம் நிற்கும். கன்றுகள் கட்டுக் கட்டாக பிளாஸ்டிக் சுற்றி வரும். ஒரு நேரத்தில் ஒரு கட்டைத்தான் பிரிக்க வேண்டும். வேகத்துக்காக நாலைந்து கட்டை ஒன்றாகப் பிரித்துக் கொட்டினால் அடியில் கிடப்பவை நசுங்கி, பிளக், அதாவது வேரோடு ஒட்டிய மண்கட்டி, உதிர்ந்துவிடும். உதிர்ந்த கன்றைத் தரம் பார்ப்பவர் ஏற்கமாட்டார்.

இனி ஷவல். நம்மூர் மண்வெட்டியை மனதில் வைத்துக்கொண்டு இதைத் தேடக் கூடாது. கொத்தி இழுக்கும் கருவி அல்ல இது. கடப்பாரை போல நேராக இறங்கி, குறுகலான ஒரு பிளவைத் திறக்கும் கருவி. தோட்டக் கடையில் விற்கும் அகல ஷவல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. தேவைக்கு மேல் மண்ணைக் கிளப்பும், கிளப்பிய மண்ணை மூட இன்னொரு மிதி வேண்டும்.

அலகின் நீளம் கன்றின் பிளக்கைப் பொறுத்தது. நாற்றுப் பெட்டியில் 410, 412 என்று எண் போட்டிருக்கும். முதல் இலக்கம் பிளக் வளர்ந்த குழியின் விட்டம், அடுத்த இரண்டும் ஆழம், இரண்டுமே சென்டிமீட்டரில். அதாவது 412 என்றால் 12 சென்டிமீட்டர் ஆழம். அலகு அதைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் இருப்பது சுமை. பழகியவர்கள் கிரைண்டரில் அலகை வெட்டிச் சின்னதாக்கிக்கொள்வது இதனால்தான். புதிதாகப் போகிறவர்கள் உடனே வெட்ட வேண்டாம். கல் நிலத்தில் ஒரு பருவம் குத்தினாலே நுனி தானாகத் தேயும், முன்கூட்டியே வெட்டியவருக்கு ஜூலையில் அலகு மிஞ்சாது.

பிடியில் இரண்டு வகை: முனையில் ஆங்கில D எழுத்து வடிவக் கைப்பிடி வைத்த குட்டை வகை, நேர்க்கழியாகப் போகும் நீள வகை. டி பிடியில் மணிக்கட்டு திரும்பாமல் குத்தலாம், அடர்ந்த புதரில் சிக்காது. ஆனால் உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் குட்டை; நாள் முழுக்க முதுகை வளைக்கவைக்கும். ஷவலைத் தரையில் குத்தி நிறுத்தி, நிமிர்ந்து நின்று பிடியைப் பிடித்துப் பாருங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கினால் நீளம் சரி. கழி வகையில் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் மணிக்கட்டு நோவு உள்ளவர்கள் அதை விரும்புகிறார்கள்.

மணிக்கட்டு நோவு சின்ன விஷயம் அல்ல. முதல் மூன்று வாரத்தில் முகாமை விட்டுப் போகிறவர்களை அனுப்பிவைப்பது கரடி அல்ல, தசைநாண் வீக்கம். ஷவலை இறுக்கிப் பிடித்துக் கல்லில் குத்தும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்கும். காலையில் விரல்களை விரிக்க முடியாமல் பறவையின் கால் நகம்போல மடங்கிக் கிடப்பது அதன் முதல் அறிகுறி. எந்த ஷவலும் இதைத் தடுக்காது. ஆனால் கனம் குறைந்த ஷவல், தளர்ந்த பிடி, கையால் தள்ளாமல் உடல் எடையையும் காலையும் சேர்த்து இறக்குவது மூன்றும் சேர்ந்தால் பாதி தப்பிக்கலாம். மிதிக்க அலகின் இரண்டு பக்கமும் தகடு இருக்கும். நீங்கள் மிதிக்காத பக்கத் தகட்டை வெட்டிவிட்டால் கனமும் குறையும், வேரில் மாட்டுவதும் குறையும். இதை மட்டும் முதல் வாரத்திலேயே செய்யலாம்.

ஷவல் சரியா என்பதைக் குழி சொல்லும். அலகை நேராக இறக்கி, முன்னும் பின்னும் அசைத்துத் திறந்து, பிளக்கைக் குழியின் சுவரோடு ஒட்டி விரலால் அடிவரை இறக்கி, அலகை எடுத்து மூட வேண்டும். குழி ஆழம் போதாவிட்டால் பிளக்கின் நுனி மேல்நோக்கி மடங்கும். ஆங்கில ஜே எழுத்தைப் போல வளைவதால் அதற்கு ஜே வேர் என்றே பெயர். முதலில் பச்சையாகத் தெரியும், பின்னாளில் சாயக்கூடும். மேலே மட்டும் மூடி அடியில் காற்று நின்றால் வேர் காயும். நட்ட பிறகு நுனியில் இரண்டு மூன்று ஊசியிலைகளைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: இலை பிய்ந்து வந்தால் நடவு இறுக்கம், கன்றே மேலே வந்தால் தளர்வு.

தரம் பார்ப்பவர் 3.99 மீட்டர் கயிற்றின் ஒரு முனையை நடுவில் ஊன்றி வட்டமடிப்பார். அந்த வட்டம் 50 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேரில் இருநூறில் ஒரு பங்கு. வட்டத்துக்குள் 8 நல்ல கன்று இருந்தால் ஹெக்டேருக்கு 1,600. தப்புக் கன்று வரம்பை மீறினால் அந்த நிலத்தைத் திரும்ப நட வேண்டி வரும், பெரும்பாலும் கூலி இல்லாமல். மலிவு ஷவலில் மிச்சம் பிடித்த நாற்பது டாலர் அந்த ஒரு நாளில் போய்விடும்.

பூட்ஸ் விஷயத்தில் ஒரே விடை கிடையாது, போகிற இடத்தைப் பொறுத்தது. அடியில் ஆணி வைத்த பூட்ஸை அங்கே 'கார்க்' என்பார்கள். ஈரமான மரத்தடிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா சரிவுகளில் அதற்கு இணை வேறில்லை. அதையே ஒன்டாரியோவின் வெறும் பாறையில் போட்டால் பனிச்சறுக்குதான். அங்கே கணுக்காலை மூடும் கனமான நடைபயண பூட்ஸ் போதும். ரப்பரில் வரும் கார்க் தண்ணீர் விடாது, ஆனால் உள்ளே வேர்வை ஊறிப் பாதம் வெந்துவிடும். மதியத்தில் காலுறை மாற்றியே ஆக வேண்டும். தோல் வகை சுவாசிக்கும், ஆனால் நனைந்தால் முகாமில் ஒரே ராத்திரியில் காயாது. அடுப்பருகே வைத்துக் காயவைத்தால் தோல் வெடிக்கும். இரவில் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்றிவைப்பதே வழி. ஆணிகள் திருகு வகையா என்று கேட்டு வாங்கி, உதிரி ஆணியும் அதைத் திருகும் சாவியும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பூட்ஸானாலும் புதிதாகப் போட்டுக்கொண்டு முகாமில் இறங்கக் கூடாது, இரண்டு வாரமாவது ஊரிலேயே நடந்து பழக்க வேண்டும்.

பழைய சாமான் வாங்கலாமா? ஷவல் தாராளமாக வாங்கலாம், அலகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பை என்றால் பட்டைக்குள் இருக்கும் திண்டை விரலால் அழுத்துங்கள். எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் வேண்டாம். பூட்ஸ் வேண்டவே வேண்டாம், அது அடுத்தவர் பாதத்துக்கு வளைந்தது.

மற்றவற்றில் ஒரு சிலதான் சொல்லத் தகுந்தவை. கையுறை ஆறு ஜோடியாவது வேண்டும். கன்று எடுக்கும் கையின் உறைதான் முதலில் கிழியும், அந்த விரல் நுனிகளில் டக்ட் டேப் சுற்றிக்கொள்ளலாம். கன்றுகளில் நர்சரியில் அடித்த மருந்து ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் சாப்பிடும் முன் கை கழுவாமல் இருக்கக் கூடாது. மே மாத ராத்திரியில் உறைபனி விழும். கோடைக்கு என்று விற்கும் மெல்லிய தூங்கும் பை போதாது. கொசு மருந்தில் டீட் கலந்தது வேலை செய்யும், ஆனால் மூக்குக் கண்ணாடிச் சட்டம், தலைவிளக்கின் மூடி போன்ற பிளாஸ்டிக்கைக் கரைக்கும்; 20 சதவீத இக்காரிடின் கலந்த மருந்து அந்தச் சேதம் செய்யாது. கருஞ்சிற்றீ (பிளாக் ஃபிளை என்ற சின்னக் கறுப்பு ஈ) கொசுவைவிடத் தொல்லை. பகலில் கடிக்கும், அடர்நிறத் துணியைத் தேடி வரும், முடியோரத்திலும் சட்டைக் கையின் விளிம்பிலும் ஊர்ந்து உள்ளே போகும். வெளிர்நிறச் சட்டையும் கைமுனையில் ஒரு சுற்று டேப்பும் எந்தத் தைலத்தையும்விட மேல். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

ஷவல் கையில் வந்த அன்றே பிடியின் மேல்பகுதியில் பளிச்சென்ற ஆரஞ்சு டேப்பைச் சுற்றிவிடுங்கள். கன்று நிரப்பப் பெட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போகும்போது எங்கேயோ குத்திவிட்டுப் போன மரநிறக் கழியை, அதே நிறத்தில் பரந்து கிடக்கும் சுள்ளிக் காட்டில் தேடுவதற்குச் சில சமயம் ஒரு பை கன்று நடும் நேரம் ஆகிவிடும்.