செம்புள்ளி அந்துப்பூச்சி: நிறம் எதுவரை உதவும்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட மணல்வெளியில் நடந்தால், இராவணன் மீசைப் புல்லுக்கிடையிலிருந்து ஒரு சிறு வெள்ளை அந்துப்பூச்சி பகலிலேயே எழும்பி, சற்றுத் தள்ளிப் போய் அமர்வதைக் காணலாம். அமர்ந்ததும் இறகுகளை உடலோடு ஒட்டச் சுருட்டிக்கொள்ளும். முன்னிறகின் பால்வெள்ளைப் பரப்பில் சிவப்புப் பொட்டுகளும் கரும்புள்ளிகளும் கலந்திருக்கும். வெண்மையான பின்னிறகுக்கு ஒழுங்கற்ற கருப்புக் கரை உண்டு. இது உட்டெத்தீசா பேரினத்தைச் சேர்ந்தது; ஆனால் அதில் எந்த இனம் என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் ஆர்ஜினா ஆஸ்ட்ரியா என்ற வேறோர் அந்துப்பூச்சியின் புழுவும், சில உட்டெத்தீசா புழுக்களைப் போலவே, கிலுகிலுப்பைச் செடியைத்தான் தின்கிறது. ஆனால் வளர்ந்த பூச்சியின் முன்னிறகு ஆரஞ்சு மஞ்சளாகவும் அதிலுள்ள கரும்புள்ளிகள் வெளிர்வளையம் சூழ்ந்தவையாகவும் இருப்பதால், இவ்விரண்டையும் பிரித்தறிய நிறமே போதுமான சான்று.

உட்டெத்தீசாவுக்குள்ளேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. லின்னேயஸ் 1758இல் விவரித்த புல்கெல்லா, கிராமர் 1777இல் விவரித்த லோட்ரிக்ஸ், ஹாம்ப்சன் 1907இல் விவரித்த புல்கெல்லாய்டஸ் ஆகிய மூன்று இனங்களும் இந்தியாவில் உள்ளவை. கடைசிப் பெயருக்குப் பொருளே 'புல்கெல்லாவைப் போன்றது' என்பதுதான். பொட்டுகளின் அளவும் எண்ணிக்கையும் ஒரே இனத்துக்குள்ளும் மாறுபடுகின்றன. ஆகவே படத்தில் பொட்டுகளை எண்ணி இனத்தைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்வதே உறுதியான வழி.

அதற்கு அடுத்தபடியாக உதவுவது புழு தின்னும் செடி. லோட்ரிக்ஸ் பெரும்பாலும் கிலுகிலுப்பையை நாடும். புல்கெல்லாய்டஸ் தேள்கொடுக்குச் செடி வகைகளை நாடும். புல்கெல்லா இரண்டையும் உண்ணும் என்பதால் இந்தச் சான்றும் முழுமையானதன்று. வளர்ந்த பூச்சி அமர்ந்திருக்கும் செடியை வைத்து முடிவு செய்வது இன்னும் பிழையானது. காய்ந்த தேள்கொடுக்கிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களுக்காக, வேறு செடியில் வளர்ந்த அந்துப்பூச்சிகளும், ஏன், வரியன் வண்ணத்துப்பூச்சிகளும்கூட அங்கே வந்து மொய்க்கின்றன. தம்மைத் தின்ன வருபவற்றுக்குக் கசப்பாகவும் நஞ்சாகவும் அமையும் அப்பொருளை உடலில் சேர்த்துக்கொள்வதாலேயே இவை இத்தனை பளிச்சென்ற நிறத்தோடு பகலில் அஞ்சாமல் பறக்கின்றன.

எனவே இக்கரையில் எடுத்த படத்துக்கு 'உட்டெத்தீசா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, புழுவைக் கண்டிருந்தால் அது எந்தச் செடியின் இலையையோ காயையோ தின்றுகொண்டிருந்தது என்பதையும் நாளையும் இடத்தையும் சேர்த்துக் குறித்துவைப்பதே நேர்மையான பதிவு என்று கருதுகிறேன்.