லீவுக்கு வந்தேன், ஹார்மோன் டெஸ்டும் எடுத்தேன்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள் லீவுக்கு வந்தால் பல், கண், சுகர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். என் பட்டியலில் இந்த முறை வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் இருந்தது. வயது இன்னும் முப்பது ஆகவில்லை, தாம்பத்தியத்தில் ஆசையே எழுவதில்லை. ஷார்ஜாவில் கம்பெனி இன்சூரன்ஸில் இதைக் காட்ட மனசு வரவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து வடசேரி வரை ‘ஆண்மைக் குறைவா?’ போஸ்டருக்குப் பஞ்சமில்லை. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிற ஆட்கள். அந்தப் பக்கமே போகவில்லை.

முதலில் விசாரித்தது நாகர்கோவிலில் ஒரு லேபில். ‘ஆண்கள் பேக்கேஜ்’ என்று நீட்டினார்கள். வைட்டமின், கொழுப்பு என்று போய்க் கடைசியில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். எப்போது வரணும் என்றேன். “எப்ப வேணும்னாலும் வாங்கண்ணா, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல.” அங்கேயே நம்பிக்கை போயிற்று. இந்த ஹார்மோன் இளவயதுக்காரர்களுக்குக் காலையில் கூடுதலாக இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். மதியம் மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு மூன்று மணிக்குக் கை நீட்டினால், நன்றாக இருப்பவனுக்கும் ‘குறைவு’ என்று ரிப்போர்ட் வரலாம்.

அப்புறம் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனேன். சீட்டு எழுதும் முன்னால் கேள்விகள்தான். “தம்பி, ஆசையே வரலியா, ஆசை வந்தும் விறைப்பு வரலியா?” இரண்டும் வேறு வேறு கதை என்றார். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை எடுக்கிறீர்களா? மனச்சோர்வுக்கு மாத்திரை? ஜிம்மில் ஊசி போட்டதுண்டா? குறட்டை? வீட்டில் சண்டை? நைட் ஷிப்ட் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். “தூக்கம் கெட்டிருக்கையில எடுத்தா கணக்கு சரியா வராது. கொஞ்ச நாள் ராத்திரி நல்லா தூங்கிட்டு வெறும் வயித்தோட போங்க, பத்து மணிக்கு முன்னாடி.”

எழுதியது நாலே டெஸ்ட்: டெஸ்டோஸ்டிரோன், கூடினால் ஆசையைக் குறைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், தைராய்டுக்கு டிஎஸ்எச், மூன்று மாதச் சராசரி சுகர். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் வேறொரு நாள் காலையில் திரும்ப எடுக்கணும், ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. அதுவும் குறைந்தால்தான் விரைகளைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களைப் பார்க்கணும். புரோலாக்டின் மிகவும் கூடினால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன்.

வேறு லேபில் கொடுத்தேன். ரத்தம் எடுத்த பெண் கெட்டிக்காரி, ஊசி ஏறியதே தெரியவில்லை. ஆனால் கவுண்டரில், சுகர் பார்க்க வந்த பெரியவர்கள் நிறைந்திருக்க, “டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் யாருக்கு?” என்று ஒரு கூப்பாடு. பக்கத்திலிருந்த தாத்தா, “அது என்ன டெஸ்ட் மக்களே?” என்றார். “தைராய்டு தாத்தா” என்றேன். முழுப் பொய்யில்லை.

ரிப்போர்ட் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்தது. ஹார்மோன் மூன்றும் சரி. சுகர் சராசரி 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். உடம்பைக் குறை, ஷிப்டை மாற்ற முடியுமா பார், குறட்டை நிற்காவிட்டால் தூக்கப் பரிசோதனை எடு என்றார் டாக்டர். ஊசி ஏதாவது போடலாமா என்று வாய்விட்டுக் கேட்டேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், குழந்தைக்குப் பார்க்கிறவன் அதைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொன்னார். மார்த்தாண்டத்து ஜிம் பையன்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

தனியாரில் காட்ட வசதியில்லை என்றால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுப் பொது மருத்துவத்தில் காட்டலாம். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல நா எழவில்லை என்றால் சுகரிலிருந்தோ தூக்கத்திலிருந்தோ பேச்சைத் தொடங்குங்கள். ஆனால் எழுந்து வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.