மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் சர்வேயரை வைத்து அளந்தேன்: என் அனுபவம்

வீடு கட்ட ஒரு மனை பார்த்து, விலையெல்லாம் பேசி முடித்து, முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வரவழைத்து அளந்தோம். அந்தச் சேவை எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். வாங்கப் போகிறவர்கள் மட்டுமல்ல, சொந்த நிலத்தில் வேலியோ மதிலோ போட நினைப்பவர்களும் படித்துவிடுங்கள்.

அதற்கு முன்பே விற்பவர் எங்கள் கண் முன்னால் டேப் பிடித்து அளந்து காட்டியிருந்தார். நாலு மூலையிலும் முளை அடித்திருந்தது. முன்பக்கம் 40 அடி, பின்பக்கம் 40, இரண்டு பக்கவாட்டும் 60. பத்திரத்திலும் 40க்கு 60, 2400 சதுர அடி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நானும் திருப்தியாக வந்துவிட்டேன். என் மனைவிதான் விடவில்லை, ஒரு தடவை முறையாக அளந்துவிடலாம் என்றாள்.

சர்வேயர் வந்து நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மூலைக்கு மூலை பிடிச்சுப் பாத்தீங்களா சார்?" பார்க்கவில்லை. அங்கேயே டேப்பை எடுத்துக் குறுக்கே பிடிக்கச் சொன்னார். ஒரு குறுக்களவு 68 அடி, இன்னொன்று 76. சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டுமே 72 அடி வந்திருக்க வேண்டும். நான்கு குச்சிகளை முனைக்கு முனை கட்டி ஒரு பக்கமாகத் தள்ளினால் சட்டம் சாயும், ஆனால் எந்தக் குச்சியின் நீளமும் மாறாது. எங்கள் மனையும் அப்படித்தான் சாய்ந்து நின்றது. நடுவில் புதர் மண்டிக் கிடந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

சாய்வு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த விதம்தான் இந்த வேலையின் மதிப்பை எனக்குப் புரியவைத்தது. எங்கள் பத்திரத்தோடு பக்கத்து மனைகளின் பழைய ஆவணங்களையும் முதல் நாளே கேட்டு வாங்கிப் படித்திருந்தார். விற்பவர் அடித்த முளைகளை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆரம்பத்தில் மனை பிரித்தபோது நட்ட எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேடினார். முன்பக்கம் இரண்டு கல் வெளியே தெரிந்தன. அங்கே முக்காலியை நிறுத்தி டோட்டல் ஸ்டேஷனை வைத்தார். அந்தக் கருவி ஒளிக்கற்றையை அனுப்பும், அது எதிரே உதவியாளர் பிடித்திருக்கும் கண்ணாடிப் பட்டகத்தில் பட்டுத் திரும்பும், அதை வைத்துத் தூரமும் கூடவே கோணமும் கிடைத்துவிடும். கணக்குப் போட்டுப் பின்பக்கம் ஓரிடத்தைக் காட்டி "இங்க தோண்டுங்க" என்றார். முக்கால் அடி ஆழத்தில் கடப்பாரை டங்கென்று கல்லில் பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் தலையில் கூட்டல் குறி செதுக்கிய பழைய எல்லைக்கல். விற்பவர் அடித்த முளை அங்கிருந்து சரியாக 7 அடி தள்ளி, பக்கத்து மனைக்குள் நின்றது.

பரப்பில் வித்தியாசம் 16 சதுர அடிதான். அதை மட்டும் பார்த்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த முளையை நம்பி மதில் எழுப்பியிருந்தால், அடுத்தவர் நிலத்தில் ஒரு முக்கோணத்தை வளைத்துப் போட்டிருப்போம், மறுபக்கம் அதே அளவு எங்கள் நிலத்தை வெளியே விட்டிருப்போம். வீடு கட்டி முடித்த பிறகு இது தெரிய வந்தால் யாரிடம் போய் நிற்பது? அளவு சரியாக இருந்தும் இடம் தப்பாக இருக்க முடியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

போன் மேப்பில் நின்ற இடத்தைப் பார்த்து எல்லை சரி என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நல்ல திறந்த வெளியிலேயே போன் சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரமோ கட்டடமோ பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். தயவுசெய்து அதை வைத்து வேலி போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஆரம்பித்த புள்ளிக்கே திரும்பி வந்து மறுபடி அளந்து, முதல் அளவோடு எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று என்னையே பார்க்கச் சொன்னார். மூலையில் இருந்த சாக்கடை மூடியையும், ஓரமாக ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையையும் வரைபடத்தில் குறித்துவிட்டு, அந்த வழியாகப் போக யாருக்காவது உரிமை இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்கச் சொன்னார். அதைத் தீர்மானிப்பது தன் வேலை இல்லை என்பதில் தெளிவாக இருந்தார்.

குறை என்றால், ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன வரைபடம் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது, நாலு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக அரை மதிப்பெண் குறைத்து ஐந்துக்கு நாலரை தருகிறேன்.

நீங்கள் யாரை அழைத்தாலும், எல்லைக்கல் நடுவதும் கையெழுத்திட்ட வரைபடம் தருவதும் பேசிய கட்டணத்தில் அடங்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அளக்கும் நாளைப் பக்கத்து மனைக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து மனைக்காரர் வந்து அந்தக் கல்லைத் தன் கண்ணால் பார்த்ததால், விற்பவர் முளையைப் பிடுங்கி மாற்றி அடித்தபோது யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முன்பணம் அதற்குப் பிறகுதான் கொடுத்தோம்.